ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறந்த பின் எதைப் பார்ப்பது: உள் வயரிங்கும் கட்டுமானத் தரமும்

இசைத்தட்டு எழுதியது:

வணக்கம். சிறு தயாரிப்பாளர் ஒருவர் செய்த கிளாஸ் ஏபி ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றை, ஏற்கெனவே பயன்படுத்தியவரிடமிருந்து வாங்கியிருக்கிறேன். பின்பலகையில் சேனலுக்கு 100 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. அது எட்டு ஓம் ஸ்பீக்கருக்கா நான்கு ஓம் ஸ்பீக்கருக்கா என்ற குறிப்பு இல்லை. சுற்றுப்படமும் கிடைக்கவில்லை. ஒலி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எதுவும் ஒலிக்காதபோது ஸ்பீக்கரின் அருகில் காதைக் கொண்டுபோனால் மெல்லிய ஹம் கேட்கிறது. வால்யூம் குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

பவர் கார்டைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து, எதையும் தொடாமல் பார்த்தேன். நடுவில் பெரிய டோராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், அதன் பக்கத்தில் 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்று எழுதிய நான்கு கெபாசிட்டர்கள், இரு ஓரங்களிலும் ஹீட்சிங்க். வயர்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து, பிளாஸ்டிக் டையால் இறுக்கி, பெட்டியின் ஓரமாக அழகாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். பச்சையும் மஞ்சளுமான எர்த் வயர், டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் நடு போல்ட்டின் மேல் நட்டில் மாட்டப்பட்டுள்ளது. கெபாசிட்டர்களின் அடியில் பழுப்பு நிறத்தில் காய்ந்த பசை ஒன்று பரவியிருக்கிறது. ஸ்விட்சுக்குச் செல்லும் வயர்களின் நுனிகளுக்கு ஈயம் பூசி, அவற்றை ஸ்க்ரூ டெர்மினலில் முடுக்கியிருக்கிறார்கள்.

மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் மட்டும் வைத்திருக்கும் ஒருவர், இதுபோன்ற கருவி ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்பதை எந்த வரிசையில், எதையெல்லாம் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்? பார்வைக்கு இது நேர்த்தியாகவே தெரிகிறது. அந்த நேர்த்தியை நம்பலாமா என்பதுதான் என் கேள்வி.

---

ஈயப்பற்று எழுதியது:

வணக்கம். தொடாமல் பார்த்தது நல்லது. பவர் கார்டைக் கழற்றினால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். உங்கள் கருவியில் உள்ள அளவு கெபாசிட்டர்கள் அதற்குப் பிறகும் நெடுநேரம் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். ஒவ்வொரு ரெயிலுக்கும், அதாவது ஆம்ப்ளிஃபயருக்கு நேர் வோல்ட்டும் எதிர் வோல்ட்டும் தரும் மின்வழி ஒவ்வொன்றுக்கும், இரண்டாக வைத்துக்கொண்டால் 20,000 மைக்ரோஃபாரட் ஆகிறது. 100 ஓம், 10 வாட் வயர்வவுண்ட் (கம்பி சுற்றிய) ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் நன்கு காப்பிட்ட வயரைப் பற்றவைத்து, கெபாசிட்டரின் முனைகளில் பத்து நொடிகள் பிடித்தால் ரெயில் ஏறக்குறைய முழுவதுமாக இறங்கிவிடும். பிறகு மல்டிமீட்டரால் அளந்து, ஒரு வோல்ட்டுக்குக் கீழே இருப்பதை உறுதிசெய்துகொண்டு மற்ற ரெயிலுக்குச் செல்லுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே இணைத்துப் பொறி பறக்கவிடும் வழக்கம் கெபாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

தரத்தைச் சோதிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஒலி செல்லும் பகுதியை அல்ல, வீட்டு மின்சாரம் நுழையும் பகுதியை. ஃபேஸ் வயர் நேராக ஃபியூஸுக்கும் அங்கிருந்து ஸ்விட்சுக்கும் போகிறதா, ஸ்விட்சின் பின்புற முனைகள் வெப்பத்தால் சுருங்கும் ஸ்லீவால் மூடப்பட்டுள்ளனவா, ஒரு வயர் பிடுங்கிக்கொண்டால் அது பெட்டியின் உலோகத்தையோ குறைந்த வோல்ட் பகுதியையோ தொட வழி உண்டா என்று பாருங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு, வயரை மெதுவாக இழுத்துப் பார்ப்பதைவிட, அது அறுந்ததாகக் கற்பனை செய்து அதன் நுனி எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்ப்பதே சரியான சோதனை.

நீங்கள் சொன்னவற்றில் இரண்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஈயம் பூசிய பல இழை வயரை ஸ்க்ரூவின் கீழ் முடுக்கினால், அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல விலகி, சில மாதங்களில் பிடி தளர்ந்துவிடும். தளர்ந்த இடம் சூடாகும். அந்த நுனிகளை வெட்டிவிட்டு, ஃபெரூல் எனப்படும் சிறு உலோக உறையை கிரிம்ப் செய்து முடுக்குங்கள். இரண்டாவது எர்த். பாதுகாப்பு எர்த்துக்கென்று தனியாக ஒரு போல்ட் இருக்க வேண்டும். அந்த இடத்தில் பெயிண்ட் சுரண்டப்பட்டு, பற்கள் உள்ள வாஷர் வைத்து, ரிங் டெர்மினலால் முடுக்கியிருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றும்போது எர்த்தும் சேர்ந்து கழன்றுவிடும் ஏற்பாடு முறையானதல்ல. எர்த் வயர் மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக இருப்பதும் நல்லது. கார்டு இழுபட்டால் அதுவே கடைசியில் அறும்.

பின்பக்க சாக்கெட்டின் எர்த் முனைக்கும் பெட்டியின் வெற்று உலோகத்துக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். மல்டிமீட்டரின் கம்பிகளே 0.2 அல்லது 0.3 ஓம் காட்டும் என்பதால், முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 0.1 ஓம் அளவில் இருக்க வேண்டும். ஆனால் மல்டிமீட்டர் செலுத்துவது மிகச் சிறிய மின்னோட்டம். ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது நல்ல எண்ணையே காட்டும். ஆகவே எண் சரியாக வந்தாலும் இணைப்பைக் கண்ணாலும் கையாலும் சோதித்தே தீர வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இரு சதுரங்கள் கொண்ட குறி பின்பலகையில் இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள கருவி. அதற்கு எர்த் கிடையாது, சேர்க்கவும் கூடாது. உங்களுடையது அந்த வகை அல்ல என்று தெரிகிறது.

வயர்களை ஒழுங்காகக் கட்டியிருப்பதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். பொறுமையாக வேலை செய்தவர் என்பதற்கு அது சான்று.

---

வளையச்சுருள் எழுதியது:

மேலே சொன்ன பாதுகாப்புக் குறிப்புகள் அனைத்தையும் ஏற்கிறேன். கடைசிப் பத்தியை மட்டும் ஏற்க இயலவில்லை. உங்கள் ஹம்முக்குக் காரணமே அந்த அழகான கட்டாக இருக்கலாம்.

கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயரில் நேர் ரெயிலில் இசையின் மேற்பாதி அலையும் எதிர் ரெயிலில் கீழ்ப்பாதி அலையும் தனித்தனியே ஓடுகின்றன. இப்படிப் பாதியாக வெட்டப்பட்ட அலைகளில், மூல இசையில் இல்லாத ஹார்மோனிக்குகள் (மடங்கு அதிர்வெண்கள்) நிறைந்திருக்கும். அவை ஓடும் வயர் இன்புட் வயருக்கு இணையாகச் சில அங்குலம் போனாலே காந்தப்புலத்தின் வழியாக உள்ளே ஏறிவிடும். அந்தக் கலப்பை இசை ஒலிக்கும்போது ஹம்மாக உணர மாட்டோம். உரத்த இடங்களில் ஒலி தெளிவிழப்பதாகவே உணர்வோம். நேர், எதிர், கிரவுண்டு (சுற்றின் பொதுவான பூஜ்ய வோல்ட் வழி) ஆகிய மூன்று வயர்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் பாதி அலைகளின் காந்தப்புலங்கள் ஒன்று சேர்ந்து, அந்த வெட்டுவடிவம் பெரும்பாலும் மறைகிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயருக்குப் போகும் வயர்களையும் அவற்றுக்குள்ளாகவே முறுக்கி, இன்புட் வயரிலிருந்து எட்ட வைக்க வேண்டும். தவிர்க்க முடியாத இடத்தில் குறுக்கே கடக்கலாம், கூடவே ஓடக் கூடாது. அதனால்தான் நன்றாகச் சிந்தித்துக் கட்டிய பெட்டியின் உட்புறம் சில நேரம் கொஞ்சம் கலைந்ததுபோல் தோன்றும். வயர் எவ்வளவு நேராக மடங்குகிறது என்பதை விடுத்து, அதில் எந்த மின்னோட்டம் போகிறது, அது எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று கேட்டால்தான் தரம் பிடிபடும்.

வால்யூமோடு ஹம் மாறவில்லை என்றால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் எங்கோ நுழைகிறது. எல்லா இன்புட்டுகளையும் கழற்றிவிட்டு, கேட்கும் இன்புட்டில் ஷார்ட்டிங் பிளக் (இன்புட்டின் இரு முனைகளையும் உள்ளேயே இணைத்துவிடும் பிளக்) மாட்டிக் கேளுங்கள். அப்போது நின்றுபோனால் அது வேறு கருவியோடு சேர்ந்து உண்டான கிரவுண்டு லூப், அதாவது இரு கருவிகளின் கிரவுண்டு வழிகள் சேர்ந்து உண்டாக்கும் வளையம். பெட்டியின் வயரிங்கைக் குறை சொல்ல வேண்டாம். நிற்கவில்லை என்றால் காரணம் உள்ளே. அதன் சுருதியையும் கவனியுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், தாழ்ந்த மென்மையான முனகல் அதே 50 ஹெர்ட்ஸில் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தக் கசிவு நேராக வயரில் ஏறியது அது. சற்று மேலான, கரகரப்புச் சேர்ந்த ஒலி 100 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபயரின் மின்னேற்றத் துடிப்புகள் கிரவுண்டில் கலந்திருக்கின்றன என்று பொருள்.

இந்த இரண்டாவது வகைதான் கட்டுமானத் தவறுகளில் அடிக்கடி காணப்படுவது. கெபாசிட்டர்களுக்கு இடையேயான பொதுக் கிரவுண்டு வயரில், ஒவ்வொரு அரைச்சுற்றிலும் மிகக் குறுகிய நேரத்துக்கு, சராசரியைப்போலப் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லி ஓம் தடை உடையது. 1 ஆம்பியர் துடிப்பு பாய்ந்தால் 1 மில்லிவோல்ட். உரக்க வைத்து 10 ஆம்பியர் துடிப்பு பாய்ந்தால் 10 மில்லிவோல்ட். இன்புட்டின் கிரவுண்டையும் ஸ்பீக்கரின் கிரவுண்டையும் அந்த வயரின் வெவ்வேறு இடங்களில் மாட்டியிருந்தால் இந்த வோல்ட் இசையோடு சேர்ந்துவிடும். சரியான முறை, கெபாசிட்டர்களின் நடுப்புள்ளியிலிருந்து ஒரு குட்டை வயரை வெளியே கொண்டுவந்து, அதன் நுனியில் ஸ்டார் கிரவுண்டை, அதாவது எல்லாக் கிரவுண்டு வயர்களும் வந்து சேரும் ஒரே புள்ளியை, அமைப்பதுதான். துடிப்புகள் கெபாசிட்டர்களுக்கும் ரெக்டிஃபயருக்கும் இடையிலேயே சுழன்று முடிந்துவிடும், ஸ்டாரை எட்டாது.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. எர்த்துக்குப் புதிய போல்ட் போடச் சொல்லியிருக்கிறார் நண்பர், போடுங்கள். ஆனால், டோராய்டின் மேல் நட்டில் உள்ள பழைய வயரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, சாக்கெட்டிலிருந்து இன்னொரு வயரைப் பெட்டிக்குப் போட்டுவிடாதீர்கள். போல்ட்டின் அடி ஏற்கெனவே பெட்டியைத் தொடுகிறது. அதன் தலையும் எர்த் வயர் வழியாகப் பெட்டியை வந்தடைந்தால், டோராய்டின் துளையினூடே செல்லும் போல்ட்டும் பெட்டியும் அந்த வயர்களும் சேர்ந்து ஒரு மூடிய வளையமாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மரைப் பொறுத்தவரை அது ஷார்ட் ஆன ஒற்றைச் சுற்று. அதில் மிகப் பெரும் மின்னோட்டம் பாயும், ஃபியூஸ் போகும், போகாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் போகும். போல்ட்டின் தலை மேல் மூடியில் இடிக்கும்படி பெட்டி தாழ்வாக இருந்தாலும் இதே விளைவுதான். மூடியை மாட்டும் முன் இடைவெளியைப் பாருங்கள்.

---

பணிமேசை எழுதியது:

வயரிங்கைப் பற்றி இருவரும் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். பாகங்களைப் பற்றிச் சில.

அந்தப் பழுப்புப் பசையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். புதிதாக இருக்கும்போது வெளிர் மஞ்சளாக இருந்து, சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்து பழுப்பாக மாறும் ஒருவகைப் பசை உண்டு. மாறிய பின் அது மின்சாரத்தைச் சிறிது கடத்தவும் பாகங்களின் கால்களை அரிக்கவும் தொடங்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் நனைத்து, மரக்குச்சியால் எடுக்கலாம். இதைக் கெபாசிட்டரிலிருந்து கசிந்த திரவம் என்று எண்ணி நல்ல கெபாசிட்டர்களை மாற்றுபவர்கள் நிறைய. மேல்பகுதி உப்பியிருந்தால் அந்தச் சந்தேகம் எழலாம். வெள்ளை சிலிக்கோனும் ஹாட் குளூவும் தொல்லை தராதவை.

100 வாட் என்ற எழுத்தைச் சோதிக்க ரெயில் வோல்ட்டை அளந்தால் போதும். ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்ச வோல்ட்டை இருமடியாக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுத்தால் வாட் வரும். அளந்த ரெயிலிலிருந்து, சுமையில் சரிவதையும் டிரான்சிஸ்டர்களில் இழப்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும். ஆறு ஏழு வோல்ட் கழித்தால் பொதுவாக உண்மைக்கு நெருக்கமாக வரும். கெபாசிட்டர் 50 வோல்ட் என்பதால் உங்கள் ரெயில் அதற்குச் சற்றேனும் கீழேதான் இருந்தாக வேண்டும். வீட்டு மின்சாரம் பத்து சதவீதம் உயர்ந்தாலும் கெபாசிட்டரின் அளவைத் தாண்டாதபடி இடைவெளி விட்டிருக்கிறாரா என்பதும் தயாரிப்பாளரை எடைபோட ஒரு வழி. கெபாசிட்டரில் 85 டிகிரி என்று எழுதியிருந்து, அது ஹீட்சிங்கை ஒட்டி நின்றால் குறை சொல்லலாம். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடும்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

சால்டர் இணைப்புகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஈயமில்லா சால்டர் இயல்பிலேயே மங்கலாக இருக்கும் என்பதால் மங்கலை வைத்து முடிவு கட்ட வேண்டாம். காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் தெரிகிறதா என்றே தேடுங்கள். கனமான பாகங்கள், சூடாகும் ரெசிஸ்டர்கள், ரிலே, பின்பக்க சாக்கெட்டுகள் ஆகியவற்றின் கால்களில்தான் அது பெரும்பாலும் இருக்கும். பவர் டிரான்சிஸ்டர்களின் உலோகப் பின்புறத்துக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே, மைக்கா அல்லது சிலிக்கோன் தாள் இருக்கிறதா என்று பார்த்து, மின்தொடர்பு இல்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்யுங்கள். பரவலாகப் பயன்படும் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியில் போலிகள் ஏராளம். எழுத்து அச்சை மட்டும் பார்த்து உண்மையானவை என்று நம்ப முடியாது. அதற்காக, நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றிச் சோதிக்கவும் சொல்ல மாட்டேன்.

வேலை முடிந்து முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துக் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஒரு கணம் பளிச்சென எரிந்து மங்கினால் சரி. தொடர்ந்து பளிச்சென எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். பிறகு பல்பை நீக்கிவிட்டு, ஸ்பீக்கர் இல்லாமல், இன்புட்டை ஷார்ட் செய்து, கருவி சூடேறிய பின் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் அளக்கவும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. எமிட்டர் ரெசிஸ்டர்களின் (அவுட்புட் டிரான்சிஸ்டர்களோடு தொடரில் உள்ள சிறு ஓம் ரெசிஸ்டர்கள்) குறுக்கேயும் அளந்து, இரு சேனல்களையும் ஒப்பிடுங்கள். அளக்கும் கிளிப்புகளை மின்சாரம் இல்லாதபோதே மாட்டிவிட வேண்டும். ஓடும் கருவியில் கூர்முனை ஒருமுறை வழுக்கினால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

---

இசைத்தட்டு எழுதியது:

மூவருக்கும் நன்றி. கிடைத்த முடிவுகள் இவை. எர்த் முனைக்கும் பெட்டிக்கும் இடையே, கம்பிகளின் தடையைக் கழித்த பின் 1.8 ஓம் வந்தது. போல்ட்டின் அடியில் பெயிண்ட் அப்படியே இருந்ததுதான் காரணம். தனி போல்ட் அமைத்து, பழைய வயரை மேல் நட்டிலிருந்து முற்றிலும் நீக்கிவிட்டேன். இப்போது மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டுகிறது. மேல் மூடிக்கும் போல்ட்டுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடம் இருக்கிறது. ஸ்விட்ச் வயர்களுக்கு ஃபெரூல் போட்டாயிற்று, பசையையும் எடுத்தாயிற்று.

ரெயில் இருபுறமும் 42 வோல்ட். டிசி இடது சேனலில் 14, வலது சேனலில் 38 மில்லிவோல்ட். ஷார்ட்டிங் பிளக் மாட்டியும் ஹம் மாறவில்லை. கட்டை அவிழ்த்து இன்புட் வயரை எதிர்ப்பக்கம் கொண்டுபோனதும் தாழ்ந்த முனகல் போய்விட்டது. கரகரப்பு மட்டும் மிச்சம். எமிட்டர் ரெசிஸ்டர்கள் 0.22 ஓம், அவற்றின் குறுக்கே இடது சேனலில் 9 மில்லிவோல்ட், வலது சேனலில் 21. வலது ஹீட்சிங்க் கையால் உணரும் அளவுக்குக் கூடுதலாகச் சூடாகிறது; அங்கே அளவு நேரம் ஆக ஆக மெதுவாக ஏறிக்கொண்டும் போகிறது. டிரிம்மரை (பலகையில் உள்ள சிறு திருகு ரெசிஸ்டரை) திருப்பிச் சமன்செய்துவிடலாமா?

---

வளையச்சுருள் எழுதியது:

மிச்சமுள்ள கரகரப்புக்கு, இன்புட் கிரவுண்டு எங்கே முடிகிறது என்று தொடர்ந்து போய்ப் பாருங்கள். ரெக்டிஃபயருக்கு அருகிலோ கெபாசிட்டர்களின் நடுவிலோ முடிந்தால், மேலே சொன்னபடி ஒரு குட்டை வயரின் நுனிக்கு அதை மாற்றுங்கள். ஸ்பீக்கர் கிரவுண்டையும் அங்கேயே சேருங்கள்.

---

பணிமேசை எழுதியது:

42 வோல்ட் என்றால் உச்சம் 35 வரை கிடைக்கும். எட்டு ஓமில் ஏறக்குறைய 76 வாட். பலகையில் உள்ள 100 வாட் நான்கு ஓமுக்கானது என்று வைத்துக்கொண்டால் பொய்யில்லை. கெபாசிட்டருக்கான இடைவெளி குறைவுதான். மின்சாரம் பத்து சதவீதம் உயர்ந்தால் ரெயில் 46 ஆகும். தாங்கும், ஆனால் மாற்றும் காலம் வரும்போது 63 வோல்ட் போடுங்கள்.

டிரிம்மரை இப்போது தொட வேண்டாம். வலது சேனலில் ஓடுவது ஏறக்குறைய 95 மில்லிஆம்பியர், இடதில் 41. இந்த வேறுபாட்டைவிட, நேரம் ஆக ஆக ஏறுகிறது என்று நீங்கள் எழுதியதுதான் என் கவனத்தை ஈர்க்கிறது. ஹீட்சிங்கின் சூட்டை உணர்ந்து பயாஸை (இசை இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பை) குறைக்க ஒரு சிறு டிரான்சிஸ்டர் இருக்கும். அது ஹீட்சிங்கை ஒட்டி இருந்தால்தான் தன் வேலையைச் செய்யும். வலது பக்கம் அதன் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா, அடியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று மின்சாரத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள். சரிசெய்து அரைமணி நேரம் ஓடவிட்ட பின்னும் அளவு நிலைகொள்ளவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள். நிலைகொண்டு, வேறுபாடு மட்டும் மிஞ்சினால், பழைய டிரிம்மரைத் திருப்பாமல் புதியதாக மாற்றி, குறைந்த பயாஸிலிருந்து தொடங்குங்கள். பல மின்சுற்று அமைப்புகளில், தேய்ந்த டிரிம்மரின் நடுமுனை ஒரு கணம் தொடர்பிழந்தாலே பயாஸ் உச்சத்துக்குப் போய்விடும்.